நான் எண்ணிய பத்துப் பேர்

ரொறன்ரோவில், பாதர்ஸ்ட் தெருவில் நாங்கள் இருக்கும் தொடர்மாடிக் கட்டடத்தில் பதின்மூன்றாம் மாடி கிடையாது; அது ஆகாத எண்ணாம். லிஃப்டில் பன்னிரண்டுக்கு அடுத்த பொத்தான் பதினாலு. ஆகவே பதினாலாம் மாடி என்று முகவரி எழுதுகிற நாங்கள் உண்மையில் பதின்மூன்றாம் மாடியில்தான் குடியிருக்கிறோம். வந்த முதல் கிழமையே வெளியே நின்று யன்னல் வரிசைகளை எண்ணி இதைக் கண்டுபிடித்தேன். மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்வீட்டுக் கிழவரிடம் சொன்னேன். அவர் கதவில் சாய்ந்து நின்று வெகுநேரம் சிரித்தார். தானும் குடிவந்த அன்றே எண்ணியதாகவும், அதைச் சொல்ல இத்தனை வருடம் ஓர் ஆள் அகப்படவில்லை என்றும் சொன்னார்.

அப்படித்தான் பழக்கம் ஏற்பட்டது. பதினோரு வருடமும் ஏழு மாதமும் நீடித்தது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் இரண்டு குடும்பங்கள் வந்து போய்விட்டன. ஆனாலும் லிஃப்டிலிருந்து இறங்கும்போது என் கண் முதலில் அவர் கதவுக்குத்தான் போகிறது.

அவர் யூதர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர் பேசியது ஆங்கிலம். அதில் அவர் பிறந்த நாட்டின் கரகரப்பு கடைசிவரை இருந்தது. நான் பேசியதும் ஆங்கிலம்தான். அதில் யாழ்ப்பாணம் இருந்தது. இங்கே அவருடைய பேச்சையும் மற்றவர்களுடைய பேச்சையும் என் ஊர்ப் பேச்சில்தான் எழுதுகிறேன். என் காதில் அது அப்படித்தான் நிற்கிறது.

அவருடைய வாழ்க்கையை அவர் ஒருநாளும் வரிசையாகச் சொன்னதில்லை. நான்தான் துண்டு துண்டாகக் கேட்டு அடுக்கிக்கொண்டேன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் பதினைந்து வயதில், சொந்தம் என்று ஒருவருமில்லாமல், கப்பலில் கனடா வந்தார். ஸ்படைனாத் தெருவில் மேலங்கி தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் துணி வெட்டினார். பத்தொன்பது வயதில் இராணுவத்தில் சேர்ந்து கொரியாவுக்குப் போனார். அங்கே அவருடைய வேலை தொலைபேசிக் கம்பி இழுப்பது. கம்பிச் சுருளை முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறவேண்டும். குண்டு விழுந்து கம்பி அறுந்தால் அந்த இடத்தைத் தேடிப் போய் முடிச்சுப் போடவேண்டும். தன் துப்பாக்கி யாரையாவது கொன்றதா என்று தனக்குத் தெரியாது, ஆனால் தன் கம்பி வழியாக நிறையப் பேர் பேசினார்கள், அது தெரியும் என்பார்.

இராணுவத்தில் சேரும்போது ஒரு படிவம் தந்தார்களாம். நெருங்கிய உறவினர் பெயர் என்று ஓர் இடம். இவருக்கு எழுத ஆளில்லை. கொஞ்சநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, தொழிற்சாலை மேற்பார்வையாளரின் பெயரை எழுதிவிட்டார். அந்த மனிதரிடம் கேட்கவுமில்லை. ஒரு வருடத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்தபோது, அதே மேற்பார்வையாளர் ரயில் நிலையத்தில் புது மேலங்கி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம். அளவு சரியாக இருந்ததா என்று கேட்டேன். தோள் ஓர் அங்குலம் பெரிது என்றார். பிறகு ரேடியோத் திருத்தும் கடை, கல்யாணம், ஒரு மகள், மனைவியின் மரணம். மகள் வன்கூவரில். ஒவ்வொரு நவம்பரிலும், படைவீரர் நினைவுநாளான பதினோராம் திகதிவரை, ஒரு கடைவாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, பழைய படைவீரர்களுக்காகக் காசு சேர்த்து, கொடுக்கிறவர்களின் சட்டையில் சிவப்புப் பொப்பிப் பூ குத்திவிடுவார்.

அப்படி ஒரு நவம்பரில்தான் ஒரு சங்கடம் நேர்ந்தது. பழகிய முதல் வருடம். மூடப்போன லிஃப்ட் திரும்பத் திறந்தது, உள்ளே அவர் நின்றார். கறுப்பு நிற இராணுவத் தொப்பி, நெஞ்சில் ஐந்து பதக்கங்கள். அவர்தான் என்று என் மூளைக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை. ஏறினேன். கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டேன். ஆறாம் மாடிப் பொத்தானை அமத்தி, அங்கே இறங்கி, மிச்சத்தைப் படியால் இறங்கினேன்.

அடுத்தநாள் கேட்டார். ஆறாம் மாடியில் ஒருவரைப் பார்க்கவேண்டியிருந்தது என்றேன். ஆறாம் மாடியில் எனக்கு ஒருவரையும் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். கதவைச் சாத்தாமல் நின்றார். அதற்குமேல் மறைக்க முடியாமல் சொல்லிவிட்டேன். கிளிநொச்சியில் அரசாங்க நெற்களஞ்சியத்தில் இருப்புக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். ஒரு காலை இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்து, ஆண்கள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக இருத்தினார்கள். ஒரு சிப்பாய் தடியால் தலை தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு போனான். நான் நாற்பத்தாறு. ஜீப்பில், ஆள் காட்டிக்கொடுக்க, முகத்தை மூடிய தலையாட்டி ஒருவன் இருந்தான்; அவன் தலை ஆடினால் அந்த ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். எனக்கு முன்னால் இருந்தவருக்கு அந்தத் தலை ஆடியது. எனக்கு ஆடவில்லை. அவ்வளவுதான் கதை.

அவர் உள்ளே போய்க் கண்ணாடிக் கிளாஸில் தேசிக்காய்த் துண்டு போட்ட தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

அடுத்த நவம்பர் பதினோராம் திகதி, எங்கள் பல்கனியிலிருந்து கீழே பார்த்தேன். கிழவர் வாசலால் வெளியே வந்தார். தலையில் ஒன்றுமில்லை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கார்த் தரிப்பிடத்தைத் தாண்டி, மேப்பிள் மரத்தடியில் நின்று, பையிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டார். சட்டைப்பைக்குள் இருந்த பதக்கங்களை எடுத்துக் குத்தினார். நாலு நிமிடம் எடுத்தது. அதற்குப் பிறகு அவர் உயிரோடிருந்த எல்லா நவம்பரிலும் அந்த மரத்தடியில்தான் அவர் படைவீரர் ஆனார். 

எங்கள் கட்டடத்தின் நிலமட்டத்தில், உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்தில், யூதர்களின் சிறிய பிரார்த்தனை அறை ஒன்று இருக்கிறது. அவர்களுடைய சில பிரார்த்தனைகளுக்குப் பத்து ஆண்கள் கூடவேண்டும். ஒன்பது பேர் எவ்வளவு பக்தியாக இருந்தாலும் போதாது. செத்தவர்களுக்காகச் சொல்லும் ‘கடிஷ்’ அந்த வகை. ஆள் சேர்ப்பது கிழவரின் பொறுப்பு. முழங்கால் நோகத் தொடங்கியபின் கதவு தட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எனக்குக் காலையில் வேறு வேலையில்லை. மகன் பக்கத்து மார்க்கம் நகரில், பேரப்பிள்ளைகள் வருவது ஞாயிற்றுக்கிழமைதான்.

ஒரு காலை, வந்திருந்தவர்களை விரலால் காட்டி எண்ணினேன். வன், ரூ, திறீ. அறை முழுவதும் முணுமுணுத்தது. கிழவர் எழுந்து வந்து என் விரலை மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கினார். அவர்கள் மனிதரை எண்ணுவதில்லையாம். பத்துச் சொற்கள் கொண்ட வேதவரி ஒன்று இருக்கிறது. ஆளுக்கொரு சொல்லாக அதைச் சொல்லிப் பார்ப்பார்கள். சொற்கள் முடிந்தால் பத்து. சொல் மிஞ்சினால் ஆள் போதாது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. பிறகு, களஞ்சியத்தில் எங்கள் ஆள்கள் நெல் அளக்கும்போது ஒன்று என்று தொடங்கமாட்டார்கள் என்று சொன்னேன். முதல் மரக்காலுக்கு ‘லாபம்’ என்பார்கள். அதன் பிறகுதான் இரண்டு, மூன்று. கிழவருக்கு இது நன்றாகப் பிடித்துப்போய்விட்டது. “அப்ப நீர் ஏன் என்ரை ஆக்களை ஒண்டிலையிருந்து தொடங்கினீர்? நெல்லுக்கு உள்ள மரியாதை எங்களுக்கு இல்லையோ?” என்று கேட்டார். அன்றிலிருந்து நான் வாய்க்குள் ‘லாபம்’ என்று தொடங்கி, கண்ணால் மட்டும் எண்ணுவேன்.

அவருக்கு வருடத்தில் ஒரு நாள் முக்கியம். யுத்தகாலத்தில் கொண்டுபோகப்பட்ட தாயும் ஏழு வயதுத் தங்கையும் எந்த நாளில் செத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. சொல்லக்கூடியவர்கள் யாரும் மிஞ்சவில்லை. ஆனால் அவர்களைக் கடைசியாகக் கண்ட நாள் தெரியும். யூதர்களின் விளக்குத் திருநாள் முடிந்து மூன்றாம் நாள். அதைத்தான் அவர் திவச நாளாக வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வருடமும் அன்று பத்துப் பேருக்கு நடுவில் நின்று, அவர்கள் இருவருக்கும் கடிஷ் சொல்வார். கொரியாவில்கூட, யூதச் சிப்பாய்களை முகாம் முகாமாகத் தேடிப்போய்ப் பத்துச் சேர்த்தாராம். ஒரு வருடமும் தவறவில்லை.

பிறகு தொற்றுநோய் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் ரொறன்ரோவில் வழிபாட்டு இடம் எதிலும் பத்துப் பேருக்கு மேல் கூடக்கூடாது என்று அரசாங்கக் கட்டளை. எனக்கு இது பெரிய தலையிடியாகிவிட்டது. கடவுளுக்குப் பத்துக்குக் குறையக்கூடாது; அரசாங்கத்துக்குப் பத்துக்கு மேல் கூடாது. பதினோராவது ஆள் கண்ணில் பட்டால் அறையைப் பூட்டிவிடுவோம் என்று கட்டட நிர்வாகம் கடதாசி ஒட்டியிருந்தது. நான் அதை மூன்று தரம் வாசித்தேன்.

கிழவருக்கு அப்போது எண்பத்தெட்டு. இலையுதிர்காலத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார். முகத்தில் தசை இல்லை. அடுத்த வருடம் இந்த நாள் அவருக்குக் கிடைக்குமா என்று நானும் மனைவியும் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அவருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். நாலு நாளாகத் தொலைபேசியில் இருந்தார். சிலர் பயத்தில் மறுத்தார்கள். ஒருவர் வைத்தியசாலையில் இருந்தார். கடைசியில், அவரோடு சேர்த்துப் பத்துப் பேர் தேறிவிட்டார்கள் என்றார். பொழுதுபட முன்னர் ஓதும் பிற்பகல் பிரார்த்தனை அது. சூரியன் விழுந்தால் அவர்களுக்கு அந்த நாள் முடிந்துவிடும். அன்றைக்குச் சூரியன் விழுவது நாலு நாற்பத்துமூன்றுக்கு. நான் பத்திரிகையில் பார்த்து வைத்திருந்தேன்.

மூன்றே முக்காலுக்கு அவரைக் கைபிடித்துக் கீழே கூட்டிப்போனேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவரை இருத்திவிட்டு வெளியே வந்துவிடுவதாகத்தான் எண்ணம். ஆனால் அவர் என் கையை விடவில்லை. முன்னின்று ஓதுபவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். அவர் என்னைக் கதவடியில் நிற்கச் சொன்னார். வருகிறவர்களின் கையில் கிருமிநாசினி ஊற்றவேண்டும். பதினோராவது ஆள் வராமல் பார்க்கவேண்டும். எனக்குத் தகுந்த வேலைதான் என்று நினைத்தேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். கதிரைகள் ஆறடி ஆறடியாகத் தள்ளிப் போட்டிருந்தன. நாலு பன்னிரண்டுக்கு அறையை ஒருமுறை பார்த்தேன். லாபம், இரண்டு, மூன்று. பத்தில் முடிந்தது. நெஞ்சு ஆறியது. மூலைக் கதிரையிலிருந்து கிழவரும் அறையைச் சுற்றிப் பார்த்தார், உதடு அசைந்தது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அப்போது கதவு தட்டியது. தோளெல்லாம் பனியோடு ஒரு ரக்சிச் சாரதி. பக்கத்துக் கட்டடத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். கிழவர் வரச்சொன்னாராம், வீதியில் வழுக்கலால் பிந்திவிட்டதாம். நான் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, உள்ளே பத்துப் பேர் சரியாக இருக்கிறார்கள், மன்னிக்கவேண்டும், கட்டளை அப்படி என்றேன். விமானநிலைய ஓட்டம் ஒன்றை விட்டுவிட்டு வந்தேன் என்று எரிச்சலோடு சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். கதவைச் சாத்தினேன். கடமையை ஒழுங்காகச் செய்த நிம்மதி இருந்தது.

பல் வைத்தியர் முன்னால் வந்து நின்றார். ஆளுக்கொரு சொல்லாக அந்த வரியைச் சொன்னார். கடைசிச் சொல்லுக்கு ஆளில்லாமல் நின்றார். திரும்பவும் சொன்னார். பிறகு அவர் கண் என்னிடம் வந்து நின்றது.

“ஒராள் குறையுது,” என்றார்.

“இல்லை, பத்துப் பேர் சரி. நான் எண்ணினனான்,” என்றேன்.

“உங்களையும் சேர்த்தோ?” என்று மெதுவாகக் கேட்டார்.

அரசாங்கத்துக்காக எண்ணும்போது நானும் ஓர் ஆள். கடவுளுக்காக எண்ணும்போது நான் அதில் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன். ஊரிலும் இங்கேயுமாக முப்பத்துமூன்று வருடம் களஞ்சியங்களில் இருப்பு எண்ணிய நான், பத்தாவது மனிதரை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டு, அவருடைய இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. கிழவர் யன்னலைப் பார்த்தார். வெளிச்சம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. நாலு பத்தொன்பது. பிரார்த்தனைக்குப் பதினைந்து நிமிடமாவது வேண்டும்.

தொப்பியுமில்லாமல், கையுறையுமில்லாமல் வெளியே ஓடினேன். ஓட்டம் என்று நான் சொல்கிறேன். பார்த்தவர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது. பனிக்கு நன்றி சொல்லவேண்டும். சாரதி இன்னும் தரிப்பிடத்தில்தான் நின்றார். கார்க் கண்ணாடியில் விழுந்து கிடந்த பனியைத் தூரிகையால் தள்ளிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க, உள்ளே வரச்சொன்னேன்.

“இப்பதானே இடமில்லை எண்டீர். அதுக்கிடையிலை ஆரும் செத்துப்போச்சினமோ?” என்றார்.

“ஒருத்தரும் சாகேல்லை. நான் வெளியாலை வந்திட்டன். உங்கடை இடத்திலை நிண்டது நான்தான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். விமானநிலையத்துக்குப் போக இப்போது வேறோர் ஆள் காத்திருக்கிறது, இந்தப் பனியை எடுத்து முடிக்கவே பத்து நிமிடம் வேண்டும் என்றார். நான் வேறு விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. “கிழவருக்கு இது கடைசித் தரமாயிருக்கும். அவரின்ரை தாய்க்கும் தங்கச்சிக்கும்,” என்றேன்.

சாரதி தூரிகையை என் கையில் திணித்தார். “அப்ப நீர் என்ரை காரைத் துடையும்,” என்று சொல்லிவிட்டு நடந்தார். இல்லை, ஓடினார். அவர் ஓடியதுதான் ஓட்டம்.

நான் துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் பனி விழுந்தது. அறையின் யன்னல் தரிப்பிடத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. உள்ளே விளக்கு எரிந்ததால் எல்லாம் தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. எழுந்தார்கள், இருந்தார்கள், குனிந்தார்கள். நான் கார்க் கண்ணாடியை விட்டு மணிக்கூட்டையே பார்த்தேன். நாலு முப்பது. முப்பத்தைந்து. கை விறைத்துவிட்டது. முப்பத்தெட்டுக்குக் கிழவர் எழும்ப முயன்றார். முதல் தரம் முடியவில்லை. நான் அங்கே இல்லை, இருக்கவும் கூடாது. அப்போது சாரதி தன் கதிரையை விட்டு, அந்த ஆறடியையும் பாராமல், போய் அவருடைய முழங்கையைப் பிடித்தார். கிழவர் எழுந்து நின்றார்.

அவருடைய வாய் அசைவது தெரிந்தது. சுற்றி நின்றவர்களின் தலைகள் இடையிடையே ஒன்றாக அசைந்தன. மறுமொழி சொல்கிறார்கள் என்று விளங்கியது. அவர் யன்னல் பக்கம் முகம் வைத்து நின்றார். வெளியே மங்கலில், பனிக்குள் நிற்கும் என்னை அவருக்குத் தெரிந்திருக்காது. அவர் திரும்ப உட்கார்ந்தபோது மணி நாலு நாற்பத்தொன்று.

சாரதி வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். பின் கண்ணாடியை நான் மறந்துவிட்டேனாம். ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டு தூரிகையை வாங்கி அதைத் தானே துடைத்துவிட்டுப் போனார்.

லிஃப்டில் நானும் கிழவரும் மட்டும்.  கதவடியில் வைத்துத்தான் சொன்னேன், மன்னிக்கவேண்டும், இவ்வளவு காலம் எண்ணிய எனக்கு இப்படி ஒரு பிழை வந்திருக்கக்கூடாது என்று.

அவர் திறப்பைப் பூட்டில் வைத்துக்கொண்டே சொன்னார். “நானும் எண்ணினனான். எனக்கும் பத்துத்தான் வந்தது.”

“அதெப்பிடி? உங்களுக்குச் சட்டம் தெரியும்தானே. என்னை எப்பிடிச் சேர்க்கிறது?”

“அதைத்தான் நானும் யோசிக்கிறன்,” என்றார். களைத்துப்போயிருந்தார். என் தோளில் ஒருமுறை கையை வைத்துவிட்டு உள்ளே போனார்.

அவர் உண்மையாகவே அப்படி எண்ணினாரா, அல்லது என் மனம் ஆறுவதற்காகச் சொன்னாரா என்று அன்று மாலை முழுவதும் யோசித்தேன். எத்தனையோ வருடம் ஆள் சேர்த்தவர். தன் தாய்க்கான நாளில் அவருக்குக் கணக்குப் பிழைக்காது. ஆனால் அவர் பொய் சொல்லி நான் கேட்டதுமில்லை. மனைவி துவாயால் என் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொல்லி, எது சரியாயிருக்கும் என்று கேட்டேன்.

“அந்த மனிசன் உங்களைச் சேர்த்துத்தான் எண்ணியிருக்கு. அதிலை என்ன பிழை கண்டனீங்கள்?” என்றாள். “ஆடாமல் இருங்கோ, பின்னந்தலை இன்னும் ஈரம்.”